தட்டானும் தூண்டிற்பூச்சியும்: ஒரு கைத்தொழிற் பாடம்

நெசவும் பின்னலும் உழவும் கோழி வளர்ப்பும் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து நடைபெறும் இடங்கள் பல இல்லை. திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம், சென்னிமலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நம் பகுதியில் நூலுக்கும் குறைவில்லை, இறகுக்கும் குறைவில்லை, நுண்ணிய வேலைக்குப் பழகிய விரல்களுக்கும் குறைவில்லை. இம்மூன்றையும் வேண்டி நிற்கும் ஒரு சிறு கைத்தொழிலை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம். தூண்டிற்பூச்சி கட்டுதல் என்பது அதன் பெயர்.

தூண்டில் முள்ளின் தண்டின்மேல் இறகு, நூல், மயிர், மெல்லிய கம்பி முதலியவற்றை வைத்துச் சுற்றி, மீன் உண்ணும் பூச்சியைப் போலவே செய்யப்படும் செயற்கை இரையே தூண்டிற்பூச்சியாகும். இதில் பலவகை உண்டு. அவற்றுள் தட்டானையும் ஊசித்தட்டானையும் போலச் செய்வது சற்றுக் கடினமானது. ஆனால் நம் அங்கத்தினர்கள் நாள்தோறும் காணும் பூச்சிகளையே மாதிரியாகக் கொண்டு பழகத்தக்கது. ஆகவே அதனையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். இத்தொழிலைத் தொடங்கினால் இவ்வளவு வருவாய் நிச்சயம் என்று உறுதி கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பூச்சியை அறிதல், கட்டுதல், சோதித்தல், கணக்கிடுதல் என்னும் நான்கு படிகளையும் முறையே கடந்த பின்னரே சந்தையைப் பற்றி முடிவு செய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

தொழிலின் வரலாறு

இது புதிய வித்தையன்று. கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் ரோமாபுரி எழுத்தாளர், மாசிடோனிய நாட்டு ஆறொன்றில் மக்கள் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, அதன்மேல் சேவலின் இறகுகள் இரண்டைப் பொருத்தி மீன் பிடித்ததைக் குறித்து வைத்திருக்கிறார். நூலும் சேவல் இறகும் அன்றே இத்தொழிலின் மூலப்பொருள்களாக இருந்தமை நோக்கத்தக்கது.

இங்கிலாந்தில் 1886இல் பிரடெரிக் ஹால்ஃபோர்டு என்பவர் மிதக்கும் பூச்சிகளைக் கட்டும் முறை பற்றி நூல் எழுதினார். பூச்சியின் உருவையும் நிறத்தையும் இயன்றவரை அப்படியே ஒத்திருக்கச் செய்வது அவர் கொள்கை. 1910இல் நூல் வெளியிட்ட ஜி.இ.எம். ஸ்கூஸ் என்பவர், மீன் தன் உணவிற் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே உண்கிறது என்பதை எடுத்துக்காட்டி, சிறகு முளையாத நீர்ப்பருவத்தையும் போலச் செய்ய வேண்டும் என்றார். இவ்விரு கருத்துகளும் நம் பாடத்திற்கு வேண்டுவனவே.

நம் மாகாணத்தில் தூண்டில் நூல் எழுதியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை அரசாங்கச் சிவில் உத்தியோகஸ்தராயிருந்த அவர் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இல் ஒரு நூலும், பின்னர் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மற்றொரு நூலும் வெளியிட்டார். நீலகிரியில் டிரௌட் என்னும் குளிர்நீர் மீனைக் கொணர 1863இல் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் வானவில் டிரௌட் இனத்தைக் கொண்டு வெற்றி கண்டார்; அவலாஞ்சியில் 1907இல் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஏற்பட்டது. பவானிக்கு நீர் தரும் அதே மலைகளில், இறகும் நூலும் கொண்டு கட்டிய பூச்சியால் நூறாண்டுக்கு மேலாக மீன் பிடிக்கப்பட்டு வந்திருக்கிறது.

ஆயினும் உள்நாட்டில் இவற்றை வாங்குவோர் தொகை சிறிதே. பெரும் சந்தை வெளிநாடுகளில் உள்ளது. கென்யாவில் பூச்சி கட்டுதல் நெடுங்காலமாக ஒரு குடிசைத்தொழிலாக இருந்து வருகிறது. இலங்கையிலும் தாய்லாந்திலும் ஏற்றுமதிக்காகக் கட்டுகின்றனர். கட்டுவது முற்றிலும் கைவேலையாதலால், தேர்ந்த கை எங்குளதோ அங்கு வேலை செல்கிறது.

முதற்படி: பூச்சியை அறிதல்

தட்டானும் ஊசித்தட்டானும் உறவினங்களே. எனினும் ஒன்றையொன்று ஒவ்வா. உட்கார்ந்திருக்கும்போது தட்டான் நான்கு சிறகுகளையும் இருபுறமும் விரித்து வைத்திருக்கும். பெரும்பாலான ஊசித்தட்டான்கள் சிறகுகளை முதுகின்மேல் மடித்துச் சேர்த்துக்கொள்ளும். தட்டானின் கண்கள் பெரியவை. பெரும்பாலான இனங்களில் அவை உச்சியில் ஒன்றையொன்று தொடும். ஊசித்தட்டானின் கண்களோ, ஒரு குச்சியின் இரு முனைகளில் வைத்த மணிகளைப்போல் விலகி நிற்கும். தட்டானின் பின்சிறகு முன்சிறகைவிட அடிப்பகுதியில் அகன்றது; ஊசித்தட்டானுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவானவை.

இவை தம் வாழ்நாளின் முற்பகுதியை நீருக்கடியிற் கழிக்கின்றன. சிறகற்ற அந்த நிலையை நீர்ப்பருவம் என்று இக்கட்டுரையில் குறிப்போம். ஊசித்தட்டானின் நீர்ப்பருவப் பூச்சி மெலிந்து நீண்டது. அதன் வால்முனையில் இலைபோன்ற மூன்று செவுள்கள் உண்டு. உடலைப் பக்கவாட்டில் நெளித்து, பாம்பு நீந்துவதுபோல் நீந்தும். தட்டானின் நீர்ப்பருவப் பூச்சி குறுகிப் பருத்தது. வாலிலே இலைகள் இல்லை. அது பின்வழியே நீரை உள்ளிழுத்துப் பீச்சியடித்து, விட்டுவிட்டுப் பாய்ந்து செல்லும். இரண்டுமே முகத்தின்கீழ் மடக்கி வைத்துள்ள ஓர் உறுப்பைத் திடீரென நீட்டி இரையைப் பற்றும் இயல்புடையவை.

பருவம் முற்றியதும் இவை கரையோரப் புல்லிலோ கோரையிலோ கல்லிலோ ஏறித் தோலுரித்து வெளிவரும். வெறுந்தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கிணற்றுச் சுவரிலும் தொட்டி விளிம்பிலும் இத்தகைய கூடுகளை நம் குழந்தைகள் எடுத்து விளையாடுவதுண்டு. கட்டுவோருக்கு இதைவிடச் சிறந்த அளவுமாதிரி வேறில்லை. உயிரைக் கொல்லாமலே நீளம், தலையின் அகலம், காலின் இடம், சிறகுப் பையின் இடம் ஆகியவற்றை அதில் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

நம் பகுதியில் பார்க்கத்தக்க இனங்கள் சிலவற்றைக் கூறுவோம். மழைக்கு முன்னர்க் கூட்டங்கூட்டமாகத் தாழப் பறக்கும் மஞ்சள் கலந்த பழுப்புத் தட்டான், நூலார் ‘பாண்டலா பிளாவெசென்ஸ்’ என வழங்குவது. மழைநீர்க் குட்டை வற்றுமுன், ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்குள், அதன் நீர்ப்பருவம் முடிந்துவிடும். கருங்கற் கம்பங்களிலும் மதிற்சுவரிலும் கல்லோடு கல்லாய் ஒட்டி உட்காரும் சாம்பல்நிறத் தட்டான் மற்றொன்று. வாய்க்காலோரப் புல்லில் மஞ்சள் வயிற்றுடன் காணும் மெலிந்த பூச்சி ஓர் ஊசித்தட்டான் ஆண். இந்தியத் தட்டான்களைப் பற்றி எஃப்.சி. ஃபிரேசர் என்னும் மருத்துவர் 1933 முதல் 1936 வரை மூன்று பெருந்தொகுதிகள் வெளியிட்டார். ஆராய்வோர் இன்றும் அவற்றை நாடுகின்றனர்.

திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. அது பறவைகள் சரணாலயம். அங்கே பார்க்கலாம், பிடித்தல் ஆகாது. அளவெடுப்பதற்கு நம் வயற்கிணறும் தோட்டத் தொட்டியுமே போதும்.

மீன் எதைப் பார்க்கிறது?

உள்ளதை உள்ளபடி செய்தல் என்றதும் காலில் உள்ள மயிரையும் சிறகில் உள்ள நரம்பையும் ஒன்று விடாமல் செய்ய வேண்டும் என்று சிலர் எண்ணுவர். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு அது பொருந்தும். தூண்டிலுக்கு வேண்டிய ஒற்றுமை நான்கு: அளவு, வெளிக்கோடு, நீரில் நனைந்தபின் தெரியும் நிறம், அசைவு. இந்நான்கில் ஒன்று பிழைத்தாலும் ஏனைய அலங்காரம் ஈடு செய்யாது.

எடுத்துக்காட்டாக, ஊசித்தட்டானின் நீர்ப்பருவத்தைக் கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்தால் மேசையின்மேல் அழகாகவே இருக்கும். நீரில் இட்டால் குச்சிபோல் விறைத்து நிற்கும். வால்புறத்தில் மெல்லிய பஞ்சிறகு சிறிது வைத்துக் கட்டியதோ, பார்வைக்கு எளியதாயினும் நீரில் இழுக்குந்தோறும் நெளியும். உயிருள்ள பூச்சி நெளிவதால், மீன் ஏற்பது இரண்டாவதையே. ஆகவே எந்த இடத்தில் நுட்பம் வேண்டும், எந்த இடத்தில் மென்மை வேண்டும் என்பதை அறிந்து செய்வதே இத்தொழிலின் திறமை.

இரண்டாம் படி: கருவியும் பொருளும்

முள்ளைப் பற்றிக்கொள்ள ஒரு சிறு வைஸ், நூலைத் தொங்கவிடும் பாபின் குழல், கூர்மையான சிறு கத்தரி, சாமணம், ஊசி, மெழுகு, வார்னிஷ் ஆகியவை கருவிகள். நீண்ட தண்டுடைய முள் தேவை. ஊசித்தட்டானுக்குப் பத்தாம் எண்ணும், தட்டானின் நீர்ப்பருவத்திற்கு எட்டு அல்லது ஆறாம் எண்ணும் பழகுவதற்கு ஏற்றவை. முள்ளின் எண் கூடக்கூட அதன் உருவம் சிறுக்கும். நூலின் நம்பரைப் போன்றதே என்று கொண்டால் மறவாது.

நூலிழைகளின் குணத்தை நம்மவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் தண்ணீரோடு சேர்த்து அதனை நோக்குதல் வேண்டும். தண்ணீரின் எடையை 1 எனக் கொண்டால் பருத்தி இழையின் எடை ஏறக்குறைய 1.5, பாலியெஸ்டர் 1.38, நைலான் 1.14, பாலிபுரோப்பிலீன் 0.91. பருத்தி நீரையும் குடிக்கும். ஆகவே மூழ்க வேண்டிய பூச்சிக்குப் பருத்தியும் கம்பளியும் உதவும். மிதக்க வேண்டியதற்குப் பாலிபுரோப்பிலீனும் நுரைத்தகடும் உதவும். பருத்தி நனைந்தால் நிறம் கறுக்கும் என்பதையும் மறத்தலாகாது. நிறத்தை உலர்ந்த நிலையிற் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், கிண்ணத்து நீரில் நனைத்துப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். பனியன் வெட்டுக்கழிவைப் பிரித்தெடுத்த இழை, ரப்பர் நூல், ஜரிகை இழை ஆகியவற்றுக்கும் இத்தொழிலில் இடமுண்டு.

இறகைப் பற்றி ஒரு சொல். பல்லடம் பகுதியில் மிகுதியாகக் கிடைப்பது கறிக்கோழி இறகு. அக்கோழி சில வாரங்களிலேயே விற்கப்படுவதால் அதன் கழுத்திறகு முதிர்ச்சி பெறுவதில்லை. மிதக்கும் பூச்சியைச் சுற்றி விறைத்து நிற்கும் இறகுக்கு முதிர்ந்த சேவலே வேண்டும். ஆனால் தொடையோரத்து மென்மையான பஞ்சிறகு நீர்ப்பருவப் பூச்சிக்கு ஏற்றது. வெளிநாடுகளில் பெரும்பாலும் வான்கோழியின் பஞ்சிறகைப் பயன்படுத்துகின்றனர். கோழியின் பஞ்சிறகும் அவ்வேலைக்கு வழங்கி வருகிறது.

மூன்றாம் படி: கட்டும் முறை

ஊசித்தட்டானின் நீர்ப்பருவத்தை முதற்பாடமாகக் கொள்வோம். பாசிப்பச்சை நிறம் பெரிதும் வழங்குவது.

1. முள்ளை வைஸில் பொருத்தி, எதிர்முள்ளைச் சாமணத்தால் அழுத்தித் தட்டையாக்குக. பிடித்த மீனைக் காயமின்றித் திரும்ப விட இது உதவும். கட்டுவோர் விரலுக்கும் பாதுகாப்பு.

2. பருமனான நைலான் தூண்டில் நரம்பில் ஒரு சிறு துண்டு வெட்டிச் சாமணத்தால் நடுவிற் பிடித்து, இரு முனைகளையும் தீச்சுடரின் அருகே காட்டுக. முனைகள் உருகி மணியாகும். இதுவே கண். முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னே தண்டின் குறுக்காக இதனை வைத்து, எட்டு வடிவமாக நூல் சுற்றிக் கட்டுக. ஊசித்தட்டானுக்குக் கண்கள் விலகி நிற்க வேண்டுமாதலால் நடுத்தண்டு மிகவும் குறுகிவிடாமல் கவனிக்க.

3. நூலை இடைவெளியின்றிச் சுற்றிக்கொண்டு வளைவு தொடங்கும் இடம்வரை செல்க. தார் சுற்றுவோர் இதில் ஒரே நாளில் தேர்ச்சி பெறுவர்.

4. பஞ்சிறகில் ஒரு சிட்டிகை எடுத்து, தண்டின் நீளத்திற் பாதி அளவு வாலாக நிற்கும்படி கட்டுக. முனையைக் கத்தரியால் வெட்டாமல் விரலாற் கிள்ளி அளவாக்குக. வெட்டினால் மொட்டையாகிப் பிசிறு கெடும்.

5. மெல்லிய செம்புக்கம்பி ஒன்றை அதே இடத்திற் கட்டி விடுக. மீதியுள்ள பஞ்சிறகை முறுக்கி, தண்டின் மூன்றில் இரண்டு பங்குவரை ஒல்லியாகச் சுற்றுக. பின்னர்க் கம்பியை எதிர்த்திசையிற் சுற்றி வருக. வயிற்றின் கணுக்கள் தோன்றுவதோடு, மீனின் பல்லால் இறகு அறுபடாமலும் இருக்கும்.

6. சிறகுப் பைக்காக ஓர் இறகுக் கீற்றைக் கட்டிப் பின்னோக்கி விடுக. மெழுகிட்ட நூலின்மேல் இழைப்பஞ்சை முறுக்கி, மார்புப் பகுதியைச் சற்றுப் பருமனாகச் சுற்றுக. இருபுறமும் மூன்று நான்கு இறகுப் பிசிர்களைக் காலாக வைக்க.

7. கீற்றை முன்னே மடித்து, கண்களுக்கிடையே கொணர்ந்து கட்டி, நூலின்மேலேயே நூலைச் சுற்றி உள்ளிழுத்து முடிக்க. ஒரு துளி வார்னிஷ் இடுக. முள்ளின் காதில் வார்னிஷ் அடைத்தல் கூடாது.

தட்டானின் நீர்ப்பருவத்திற்கு மேற்கூறிய முறையே அடிப்படை, வேறுபாடுகள் மூன்று. உடல் குறுகி, மேலும் கீழும் சற்றுத் தட்டையாக இருக்க வேண்டும். ஆகவே தண்டின் இருபக்கமும் கம்பித்துண்டுகளை வைத்துக் கட்டி அகலமாக்கி, அதன்மேல் பழுப்பு இழையைச் சுற்றிக் கத்தரித்து வடிவாக்குவர். வால் வைப்பதில்லை. கால்களுக்கு ரப்பர் நூலை நடுவில் முடிச்சிட்டு முழங்கால்போல் மடங்கச் செய்வர்.

வளர்ந்த ஊசித்தட்டானை மிதக்கும் பூச்சியாகக் கட்டுவது மூன்றாம் பாடம். உடல் முள்ளைவிட நீளமாதலால், மெல்லிய பின்னற்கயிற்றைத் தண்டிலிருந்து பின்னே நீட்டி வைத்து, முனையைச் சுடரிற் காட்டி அடைத்து, நீரிற் கரையாத கருமையால் கணுவளையங்கள் இடுவர். மார்பின்மேல் நுரைத்தகடும், அதைச் சுற்றிச் சேவற் கழுத்திறகும் வைப்பர். சிறகுக்கு வெளிர் இறகு நுனிகளோ, ஒளி ஊடுருவும் மெல்லிய துணிக்கீற்றோ போதும். சிறகு பெரிதானால் தூண்டிலை வீசும்போது காற்றில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும் என்பது அனுபவஸ்தர் கூறும் எச்சரிக்கை.

நான்காம் படி: சோதனையும் ஒருமையும்

ஒரு நல்ல பூச்சி கட்டுவது கலை. ஒரே மாதிரியான பன்னிரண்டு பூச்சிகள் கட்டுவது தொழில். இவற்றை விற்பது டஜன் கணக்கில். மாதிரியைக் கண்டு ஒப்புக்கொண்டவர் சரக்கைப் பெறும்போது அதே பொருளையே எதிர்பார்க்கிறார். பனியன் தொழிலில் இந்தப் பாடத்தைத் திருப்பூர் நெடுநாளைக்கு முன்பே கற்றுவிட்டது.

ஆகவே ஒவ்வொரு டஜனையும் ஐந்து வகையிற் சோதித்தல் வேண்டும். வரிசையாக வைத்து நீளமும் பருமனும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்தல். கண்ணைப் பிடித்து மெல்லத் திருகினால் தண்டின்மேல் சுழலாமல் நிற்கிறதா எனப் பார்த்தல். முள்ளின் காது திறந்திருக்கிறதா எனப் பார்த்தல். நீரில் நனைத்து நிறமும் மிதப்பும் பார்த்தல். நூல்கட்டிக் கிண்ண நீரில் இழுத்து அசைவு பார்த்தல். கட்டியவரே சோதித்து ஏற்றுக்கொள்ளாமல், மற்றோர் அங்கத்தினர் சோதிப்பதே கூட்டுறவு முறைக்கு உகந்தது. இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. நிராகரிக்கப்பட்ட பூச்சியைப் பிரித்தால் முள் மீண்டும் பயன்படும்.

சட்டமும் தண்ணீரும்

நம் வயல்களில் மயில் இறகு உதிர்ந்து கிடப்பதைக் காணாதவர் இல்லை. பழைய முறைத் தூண்டிற்பூச்சிகள் பலவற்றுக்கு மயிலிறகின் பிசிர் வேண்டப்படுவதும் உண்மையே. எனினும் மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டது; மயிலிறகு ஏற்றுமதிக்கும் தடையுள்ளது. ஏற்றுமதிச் சரக்கில் ஓர் இழை சேர்ந்தாலும் முழுச் சரக்கும் சங்கத்தின் நற்பெயரும் இடருக்குள்ளாகும். மலையடிவாரக் காட்டுச் சேவலின் கழுத்திறகும் அவ்வாறே. மெழுகுத்துளி போன்ற புள்ளிகளுக்காக ஐரோப்பியர் அதனைப் பெரிதும் விரும்பி, வெகுகாலம் இந்தியாவிலிருந்தே வரவழைத்தனர். இன்று அப்பறவையும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. வீட்டுக்கோழி இறகும் நம் நூலுமே நமக்குப் போதுமானவை.

சாயமிடுதலிலும் கவனம் வேண்டும். இறகு பருத்தியன்று, பட்டும் கம்பளியும் போலப் புரத இழையைச் சேர்ந்தது. பருத்திக்கு வழங்கும் காரமுறை இறகைக் கெடுக்கும். முதலில் சோப்பு நீரில் எண்ணெய்ப்பசை போக அலசி, அமிலச் சாயத்தைச் சிறிது வினிகருடன், கொதிநிலைக்குக் கீழான சூட்டில் ஏற்றுதல் முறை.

எஞ்சிய சாயநீரை எங்கே விடுவது என்ற வினாவை வேறெந்த ஊர் மறந்தாலும் நாம் மறக்க இயலாது. 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, உழவருக்குப் பாசனம் தருவதற்கு மாறாகச் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. நொய்யல் பாசனத்தார் நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரியில் சாயச்சாலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவை வெளியே விடாமல் முழுதும் சுத்திகரிக்கும் முறை அதன்பின்னரே கண்டிப்பாயிற்று. நெசவாளரும் உழவரும் ஒரே சங்கத்தில் இருக்கும்போது ஒருவரது சாயம் மற்றவரது கிணற்றில் இறங்குவதற்கு இடமளித்தல் ஆகாது. இறகுச் சாயம் ஒரு வாளி அளவே என்றாலும், சுத்திகரிப்பு வசதியுள்ள சாயச்சாலையிலேயே அதனை முடித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இதற்கும் தட்டானுக்கும் தொடர்புண்டு. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீருக்குள்ளேயே வாழ்வதால், தட்டான்கள் நீரின் நிலையைக் காட்டும் உயிர்கள் என்று ஆய்வாளர் கொள்கின்றனர். ஆனால் தட்டான் பறப்பதாலேயே நீர் தூயது என்று முடிவு கட்டிவிடலாகாது. செம்மஞ்சள் நிறத் தட்டான் ஒன்று சாக்கடை கலந்த நீரிலும் பெருகும். ஓரினம் மட்டும் நிறைந்திருக்கும் நீர் வேறு. பல இனங்களும் ஊசித்தட்டான்களும் கலந்து வாழும் நீர் வேறு. மாதிரிக்காகப் பூச்சிகளை உற்று நோக்கும் அங்கத்தினர், தம் குளத்தில் எத்தனை வகை காண்கிறார் என்பதையும் எழுதி வைத்தால், சங்கத்திற்கு அது செலவில்லாத தண்ணீர்ப் பதிவேடாகும்.

கணக்கு

இனி விலையைப் பார்ப்போம். கீழ்வரும் எண்கள் கணக்கு முறையை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை, சந்தை விலையல்ல.

முள்ளும் பிற பொருளும் பூச்சி ஒன்றுக்கு 7 ரூபாய் என்க. மணிக்கு 80 ரூபாய் கூலி கிடைக்க வேண்டும் என்க. புதிதாகக் கற்றவர் மணிக்கு 5 கட்டினால் கூலி 16 ரூபாய். ஆக 23 ரூபாய். பத்துப் பூச்சிக்கு 230 ரூபாய் ஆகும். பத்தில் ஒன்று சோதனையில் கழிந்தால் மீதி 9இன் அடக்கம் தலைக்கு 25 ரூபாய் 56 காசு. சங்கச் செலவு நூற்றுக்குப் பத்துச் சேர்த்தால் 28 ரூபாய் 12 காசு. இதற்குக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டால் குறைவது அங்கத்தினரின் கூலியே.

அதே அங்கத்தினர் பயிற்சியால் மணிக்கு 8 கட்டும் நிலைக்கு வந்தால் கூலி 10 ரூபாயாகி, அடக்கம் 17 ரூபாயாகும். முன்போலவே கழிவும் சங்கச் செலவும் சேர்த்தால் 20 ரூபாய் 78 காசு. ஆகவே பயிற்சிக்காலம் முடியுமுன் விலைபேசுதல் தவறு. பழகும் மாதங்களில் ஒருவர் தறியையோ தையல் இயந்திரத்தையோ விட்டுவிடலாகாது. ஓய்ந்த நேரத்தில் மட்டும் கற்றல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். புதுத்தொழில் என்றால் முன்பணம் கட்டச் சொல்லி, பொருள் முழுவதையும் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாக உறுதி கூறுவோர் எக்காலத்தும் உண்டு. பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் 2012இல் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அங்கே பறவைக்கு உண்மையான சந்தை இருக்கிறதா என்று கேட்டவர் சிலர். மாதந்தோறும் வரும் தொகையைக் கேட்டவர் பலர். தூண்டிற்பூச்சி கட்டக் கற்றுத்தருகிறோம், கருவிப்பெட்டிக்கு இவ்வளவு கட்டுங்கள் என்று எவரேனும் வந்தால், வாங்குவோர் யார், அவர் எழுத்துமூலம் அனுப்பிய மாதிரியும் விலையும் எங்கே என்று சங்கக் குழு கேட்டல் வேண்டும். விடை வராவிடில் பணமும் செல்லலாகாது.

முடிவுரை

நாம் கூற விரும்புவது இதுவே. ஐந்தாறு அங்கத்தினர் சேர்ந்து, இரண்டு வைஸ்கள் மட்டும் பொதுவில் வாங்கி, மூன்று மாதம் பழகிப் பார்க்கலாம். முதல் மாதம் பூச்சியைப் பார்த்து அளவெடுத்தல். இரண்டாம் மாதம் ஒரே வகையைத் திரும்பத் திரும்பக் கட்டுதல். மூன்றாம் மாதம் டஜன் சோதனையும் நேரக்கணக்கும். அதன்பின் கையில் நல்ல மாதிரியும், ஏட்டில் மெய்யான அடக்க விலையும் இருக்கும். அவ்விரண்டையும் வைத்துக்கொண்டு வியாபாரியிடம் பேசும் சங்கத்தை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. தொழில் கைகூடாவிடினும் நஷ்டம் சொற்பமே. தம் கிணற்றில் வாழும் உயிர்களை அறிந்த லாபம் மிஞ்சும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. தட்டானையும் ஊசித்தட்டானையும் உட்காரும் முறையாலும் கண்ணாலும் எங்ஙனம் வேறுபடுத்தலாம்?

2. ஊசித்தட்டானின் நீர்ப்பருவத்திற்கு வாலில் பஞ்சிறகு வைப்பது ஏன்? தட்டானின் நீர்ப்பருவத்திற்கு வைக்காதது ஏன்?

3. மிதக்கும் பூச்சிக்குப் பருத்தி நூல் ஏற்றதன்று என்பதற்கு இரண்டு காரணங்கள் கூறுக.

4. மணிக்கு 6 பூச்சி கட்டுபவருக்கு, பத்தில் இரண்டு கழிந்தால், அடக்க விலை என்ன? மேற்கூறிய முறையில் கணக்கிடுக.

5. நம் சங்க எல்லைக்குள் உள்ள குளம், கிணறு, வாய்க்கால்களில் எத்தனை வகைத் தட்டான்கள் காணப்படுகின்றன? ஒரு மாதம் குறித்து வைத்து அடுத்த கூட்டத்தில் படிக்க.